அழித்த கார்டும் ஏழாவது பேரும்

பழைய வீடியோ கேம் சேர்க்கிறவனுக்கு ஊருக்குள் இரண்டு பட்டப்பெயர் உண்டு. ஒன்று வேலையில்லாதவன், மற்றது பழைய இரும்புக்காரன். நான் இரண்டும் இல்லை. வாரத்தில் ஆறு நாள் மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் மோட்டார் பழுது பார்க்கிறேன். ஏழாம் நாள் ஊரார் வீட்டுப் பரணுக்குள் தலையை விட்டு, தூசியைத் தின்று, கேசட்டும் மெஷினுமாக அள்ளிக்கொண்டு வந்து என் வீட்டுப் பின்னறையில் அடுக்குகிறேன். தபால்தலையோ, தீப்பெட்டிப் படமோ, ஓடாத கைக்கடிகாரமோ, எதையாவது சேர்த்துவிட்டு வீட்டில் திட்டு வாங்குகிறவர்களுக்கு நான் சொல்லப்போகிற எதுவும் புதிதாக இருக்காது. மற்றவர்கள் பாவம் என்று நினைத்துக்கொண்டே படிக்கலாம்.

ரெண்டு டிவி

சேர்ப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி, ஒப்பிடுவது. ஒரே ஆட்டத்துக்கு அசல் கேசட் ஒன்று, நகல் கேசட் ஒன்று. இரண்டையும் இரண்டு மெஷினில் செருகி, இரண்டு பழைய டிவியில் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிட்டு, நிறம் எங்கே மங்குகிறது, பாட்டு எங்கே பிந்துகிறது என்று பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் அந்தக் காலத்தில் விற்றதெல்லாம் பெரும்பாலும் நகல்தான். அசல் கேசட் கையில் கொஞ்சம் கனக்கும். திருகாணியின் தலை வேறு மாதிரி இருக்கும். மேலே ஒட்டிய படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் அச்சுப் புள்ளிகள் ஒழுங்காக இருக்கும். என் கண்ணைக் கட்டிவிட்டுக் கையில் கொடுத்தாலும் அசலா நகலா என்று சொல்லிவிடுவேன். இதில் எனக்குக் கூட்டு மஞ்சுநாத். என்னோடு வேலை பார்க்கிற கன்னடக்காரன், பழகிப் பழகித் தமிழ் பேசுகிறவன், கூட்டாளிகளைக் கன்னட வழக்கப்படி குரு, மாராயா என்றுதான் கூப்பிடுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு உட்கார்ந்த நாங்கள் மத்தியானம் ஒன்றரைக்கும் எழுந்திருக்கவில்லை. என் மனைவி வனஜா மூன்று தடவை சாப்பிடக் கூப்பிட்டுப் பார்த்தாள். நான்காவது தடவை அறைக்குள்ளேயே வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு இரண்டு திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு ஆள் சேர்ந்த சந்தோஷத்தில், வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்டேன்.

"தெரியாம என்ன. ரெண்டுலயும் அதே ஆளு அதே குழியில விழறான். இதுல கொஞ்சம் செவப்பா விழறான்" என்றாள்.

முப்பத்தொன்றாவது

பழைய மெஷினுக்குப் பழைய குண்டு டிவிதான் ஒத்துவரும். சுவரில் மாட்டுகிற புது டிவியில் போட்டால் படம் சாறு பிழிந்த சக்கை மாதிரி ஆகிவிடும். அதனால் மாதம் ஒருமுறை மண்டி மொகல்லாவில் ஒரு பழைய சாமான் கிடங்குக்குப் போவேன். அதன் முதலாளி வாணியம்பாடியிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட ஒரு பாய். டிவியை உடைத்துச் செம்புக் கம்பியை உருவி எடுப்பதுதான் அவருடைய தொழில்.

நான் ஒருநாள் உள்ளே நுழையும்போது, மூன்று வருஷமாக நான் தேடிக்கொண்டிருந்த மாடல் டிவி ஒன்று அவருடைய காலடியில் இருந்தது. சுத்தியல் மேலே போயிருந்தது. நிறுத்துங்கள் என்று சொல்வதற்குள் இறங்கிவிட்டது. கண்ணாடி சிதறின இடத்தில் நின்றுகொண்டே அவருக்கு ஒரு பிரசங்கம் செய்தேன். இந்த மாதிரி டிவி இனி உலகத்தில் யாரும் செய்யப்போவதில்லை, உடைப்பது பாவம் என்றேன். பொறுமையாகக் கேட்டார். கையில் இருந்த ரத்தக் கீறலை லுங்கியில் துடைத்துக்கொண்டார். அடுத்த டிவியை இழுத்துப் போட்டார்.

"ஆடறதுக்கு உங்களுக்கு ஒண்ணு வேணும். சோத்துக்கு எனக்கு தினம் முப்பது உடையணும். முப்பத்தொண்ணாவதா ஒண்ணு வந்தா எடுத்து வைக்கிறேன், போயிட்டு வாங்க."

எதும்மா அது

இந்தப் பொழுதுபோக்கில் நல்ல சரக்கு எப்போது வரும் என்று கேட்டால், வீடு காலியாகும்போது வரும். சாவு, மாற்றல், பாகப்பிரிவினை. வேறு எதற்காகவும் யாரும் பரணைத் திறப்பதில்லை. சரஸ்வதிபுரத்தில் ஓய்வுபெற்ற ஒரு டீச்சரம்மா கூப்பிட்டிருந்தார். வீட்டை விற்றுவிட்டு முதியோர் இல்லத்துக்குப் போகிறார். பையன் வெளிநாட்டில் இருக்கிறான்.

அவர் எடுத்து வந்து வைத்த சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கையில் வைத்து ஆடுகிற சின்ன மெஷின், பெட்டியோடு, காகிதத்தோடு, ஒரு கீறல் இல்லாமல். ஒரு பழைய பட்டுப் பிளவுஸ் துணியில் சுற்றி வைத்திருந்தார். இவ்வளவு பத்திரமாக யாருமே வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று மனதாரச் சொன்னேன்.

"மாசாமாசம் துடைச்சு வெச்சேன். வந்தா கேப்பான்னு நெனச்சேன். முந்தாநாள் போன்ல, உன் கேம் இருக்கு, குடுத்துடட்டுமான்னேன். 'எதும்மா அது?'ங்கறான்."

காலி வீடு

நம்மவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதை வாங்கினாலும் அதில் பேர் எழுதிவிடுவார்கள். கேசட்டின் முதுகில் பால்பென்னால் பேர், வகுப்பு, பிரிவு. மெஷினின் அடியில் காம்பஸ் முள்ளால் கீறிய பேர். பெங்களூரிலிருந்து ஒரு சேகரிப்பாளர் ஒரு மெஷினை ஒப்பிட்டுப் பார்க்க வந்தார். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் கவிழ்த்துப் பார்த்தார். 'புட்டராஜு, 7 பி' என்று கீறியிருந்தது. முகத்தைச் சுளித்து அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"யாரோ குடியிருந்த வீடு மாதிரி இருக்கு சார். எனக்குக் காலி வீடுதான் வேணும்" என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்றிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டேன். எந்தச் சாமான் வீட்டுக்கு வந்தாலும் வந்த அன்றே சுத்தம் செய்துவிடுவது. பேர் இருந்தால் ஸ்பிரிட்டில் துடைப்பது, கீறல் இருந்தால் மெழுகு தேய்ப்பது, மங்கிய படத்துக்கு மெருகு போடுவது. சிடி போட்டு ஆடுகிற மெஷின் என்றால் கூட ஒரு மெமரி கார்டு வரும். ஆடினவர்கள் விட்ட இடத்தை நினைவில் வைத்துக்கொள்கிற சின்ன அட்டை. அதையும் துடைத்துக் காலியாக்கிவிட வேண்டும். முன்பு ஆடினவர்களுடைய ஆட்டம் அதில் மிச்சம் இருந்தால் ஒப்பீடு சுத்தமாக இருக்காது என்பது என் வாதம். ஒரு தடவை மஞ்சு இதைக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "நீ ஆஸ்பத்திரியில பெட்ஷீட் மாத்துற வேலைக்குப் போயிருக்கணும் குரு."

கெசரே பெட்டி

இதுவரை சொன்னது முன்கதை. இனிமேல்தான் என் யோக்கியதை.

மளிகைக் கடைச் சுவரில், பழைய வீடியோ கேம் வாங்கப்படும் என்று என் நம்பரோடு ஒரு தாள் ஒட்டி வைத்திருந்தேன். அதைப் பார்த்து கெசரேயிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கொள்ளேகால், ஹனூர் பக்கத்துப் பேச்சு. கதவைத் திறந்த கையோடு ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார். சிடி மெஷின், இரண்டு ரிமோட், ஒரு மெமரி கார்டு, ஒரு கிரிக்கெட் சிடி. பணம் எடுத்தேன், வாங்கவில்லை. "அவரு டூட்டில இருந்து வாரதுக்குள்ள எடுத்துட்டுப் போயிருங்க தம்பி. இது வீட்டுல இருந்தா அவரு சோறே திங்க மாட்டேங்கறாரு" என்றார். ஐம்பது வயதுக்கு மேல் வீடியோ கேம் பைத்தியம் பிடித்த ஒரு புருஷன் என்று நான் புரிந்துகொண்டேன். எனக்கு முன்பின் தெரியாத அந்த மனிதர் மேல் பாசம்கூட வந்தது. வண்டியில் வரும்போது சிரித்துக்கொண்டே வந்தேன்.

அன்று சாயங்காலம் மஞ்சுவும் நானும் மெஷினின் லென்ஸைச் சரி செய்து கார்டைப் போட்டுப் பார்த்தோம். ஒரே ஒரு ஆட்டம்தான் அதில் இருந்தது, கிரிக்கெட். அந்த ஆட்டத்தில் ஆட்டக்காரர்களின் பேரை மாற்றிக்கொள்ளலாம். யாரோ வீட்டு டீம் ஒன்றை உண்டாக்கி வைத்திருந்தார்கள். முதலில் ரேவதி, அப்புறம் அம்மா, மாமா, புஷ்பா, கணக்கு மிஸ், இப்படியே போய்க் கடைசியில், பதினொன்றாவதாக, அப்பா. எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில். ஒவ்வொரு பேராக வாசித்து வாசித்துச் சிரித்தோம். ஏழாவது பேரைப் பார்த்து நான் வாய்விட்டே சிரித்தேன், அது நன்றாக நினைவிருக்கிறது. பிறகு விதிப்படி கார்டை அழித்தேன். நிச்சயமாக அழிக்கட்டுமா என்று திரையில் கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன். அந்த வாரமே அதில் ஆட்டம் பதிகிற பதினைந்து கட்டத்திலும் என்னுடைய ஒப்பீட்டு ஆட்டங்களை நிரப்பிவிட்டேன்.

அழித்த நிமிஷத்தில் மஞ்சு சொன்னது இதுதான்: "பதினோரு பேரையும் ஒரே பந்துல அவுட் பண்ணிட்டியே குரு."

பார்த்துவிட்டுப் போகிறவர்

ஐந்து வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், காக்கிச் சட்டை போட்ட ஒருவர் என் வீட்டு வாசலில் நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்டார். கெசரே அம்மாவின் வீட்டுக்காரர், பேர் சின்னசாமி. சொந்த ஊர் கௌதள்ளி. அரசு பஸ் டிரைவர், மைசூரிலிருந்து மாதேஸ்வரன் மலை வழியாகப் பாலாறு வரை போய்த் திரும்புகிற வண்டி. பெட்டியைத் திருப்பிக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கொடுத்துவிடவும் தயாராகத்தான் இருந்தேன். அவர் பெட்டியைக் கேட்கவில்லை.

"ரேவதி எம் பொண்ணுங்க. போன ஆடியில காய்ச்சல்னு படுத்தா, அஞ்சே நாள்ல போயிட்டா. இருவத்தேழு வயசுங்க. எட்டாவது படிக்கறப்ப வாங்கிக் குடுத்த மெஷினு, வேலைக்குப் போயும் விடலீங்க. நான் டூட்டி முடிஞ்சு வந்து சாப்புட உக்காந்தா, அன்னைக்கு யாரு எத்தனை ரன்னுன்னு படிச்சுக் காட்டுவா. அம்மா நாப்பது, சிவண்ணா ஒண்ணுமில்ல, மணி பத்து. சிவண்ணா எம் பஸ் கண்டக்டருங்க. மணி எங்க நாயி. ஏழாவது ஆளு வந்தா மட்டும் பேரைச் சொல்ல மாட்டா. 'ஏழாவது ஆளு இருவத்திரெண்டு'ம்பா. சொல்லிப்போட்டுச் சிரிப்பா. யாருன்னு நானும் கேட்டதில்லீங்க. பெத்தவன் கேக்கற கேள்வியா அது."

வனஜா கொண்டுவந்து வைத்த காப்பியை அவர் தொடவில்லை.

"அப்படி ஒருத்தன் இருந்தான்னா, இவ போயிட்டது அவனுக்குத் தெரியுமான்னே எனக்குத் தெரியலீங்க. யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. இவ ஏன் பேசறதில்லைன்னு இன்னும் நெனச்சுக்கிட்டு இருப்பான். பொழைச்சிருந்தா எங்கிட்டச் சொல்லியிருப்பா. அவ போனைத் தொறக்க முடியலீங்க. பொட்டியை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தனே ஒழிய, மெஷினு ரிப்பேரு, எனக்குப் போடவும் தெரியாது. பாக்கத் தைரியமும் இல்லீங்க. அந்தக் கார்டுல பேரு இருக்கும். ஒருக்கா போட்டுக் காட்டுனீங்கன்னா பாத்துட்டுப் போயிருவனுங்க."

அந்தக் கார்டு அப்போது அவருக்கு இரண்டடி தள்ளி, மெஷினிலேயே செருகியிருந்தது. அழித்துவிட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது வேறு. கார்டு ஒரு நண்பரிடம் இருக்கிறது, அடுத்த ஞாயிறு வாருங்கள் என்றேன். இந்த ஒரு பொய்யைச் சொல்லும்போது எனக்கு நாக்குத் தடுமாறவே இல்லை, அதுதான் கேவலம். அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"அவசரமில்லீங்க. அது எங்க போயிரப் போகுது."

எதற்குச் சிரித்தோம்

கார்டைக் கம்ப்யூட்டரில் மாட்டி நோண்டினேன். என்னுடைய ஆட்டங்கள்தான் வந்தன. இந்த மாதிரி வேலை தெரிந்தவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அழித்ததோடு விட்டிருந்தால் ஏதாவது செய்திருக்கலாம், மேலே எழுதிவிட்டீர்களே என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வேலையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டே பேர்களை எண்ணினேன். ரேவதி, அம்மா, மாமா, புஷ்பா, கணக்கு மிஸ், மாதேஷ். அப்புறம் ஏழு. அப்புறம் ஷபீர், சிவண்ணா, மணி, அப்பா. நாயின் பேர்கூட வந்துவிட்டது, ஏழு வரவில்லை. ஏதோ ஒரு செல்லப்பேர், கூப்பிட்டால் யாரும் திரும்பிப் பார்க்க வெட்கப்படுகிற மாதிரி ஒரு பேர், அவ்வளவுதான் தெரிந்தது.

மஞ்சுவை கேன்டீனில் பிடித்து உட்கார வைத்தேன். விஷயத்தை முழுக்கச் சொன்னேன். தட்டில் இருந்த இட்லியைத் தள்ளி வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு யோசித்தான். நல்லவன், பொய் சொல்லத் தெரியாதவன்.

"நீ சிரிச்சது ஞாபகம் இருக்கு. நானும் சிரிச்சேன். எதுக்குச் சிரிச்சோம்னு தெரியலை மாராயா."

மெருகு

சனிக்கிழமை மத்தியானம் ஷிப்ட் முடிந்து வந்ததும் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். கார்டில் ஒரு கட்டத்தைக் காலி செய்து, கிரிக்கெட் சிடியைப் போட்டேன். அசலைப் போலவே ஒரு டீமை உண்டாக்கினேன். என்னுடைய சேகரிப்பில் ஒரு நகல் சாமான் இருந்தால் அதில் சிவப்புப் பொட்டு வைத்துத் தனி அலமாரியில் தள்ளுகிறவன் நான். அந்த நான் ஒரு செத்துப்போன பெண்ணின் ஆட்டத்துக்கு நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். விரல் மட்டும் சுறுசுறுப்பாக வேலை செய்தது.

ஏழாவது இடத்தில் செல்வி என்று எழுதினேன். யோசித்துத்தான் எழுதினேன். பெண் பேராக இருந்தால் யார் மேலும் பழி வராது, கூடப் படித்தவள் யாரோ என்று அந்த மனிதர் நிம்மதியாகப் போய்விடுவார். அத்தோடு நின்றிருக்கலாம். கடைசியில் கிடந்த அப்பாவைப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை. பெற்றவரைப் பதினொன்றாவதாகப் போட்டிருப்பதைப் பார்த்தால் வருத்தப்படுவார் என்று தோன்றியது. மங்கிய படத்தைக் கண்டால் மெருகு போடுகிற கை சும்மா இருக்குமா. அப்பாவை முதல் இடத்துக்குக் கொண்டுவந்து கேப்டன் ஆக்கினேன்.

வனஜா கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, திரையை முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தாள். அவளுக்குக் கதை தெரியும். உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று அந்த வாரம் பூராவும் சொன்னவள். இப்போது திட்டவில்லை.

"இதை உங்க கையில யாராவது குடுத்தா, நீங்க அசல்னு நம்புவீங்களா?"

முதல் வரி

சொன்ன மாதிரியே வந்தார். காக்கி இல்லை, தேய்த்த வெள்ளைச் சட்டை. பையில் ஒரு சின்ன டைரி, பேனா. பேரை எழுதிக்கொள்ளக் கொண்டுவந்திருக்கிறார் என்று புரிந்தது. நாற்காலி போட்டேன். வேண்டாம் என்று டிவிக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டார். நான் டீமைத் திறந்தேன்.

இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர். முதல் வரியிலேயே நின்றுவிட்டார். நான், "கேப்டன்" என்றேன், அவருக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று.

"அவ என்னையக் கடைசிலதானுங்க போடுவா. வெடியக்காலம் வண்டி எடுத்தா நான் வீடு வந்து சேர எட்டு மணியாயிரும். அதுவரைக்கும் ஆடிக்கிட்டு இருப்பா. நான் வந்து செருப்பைக் கழட்டறப்ப ஒம்போது பேரு அவுட்டாயிருப்பாங்க. ரிமோட்டை எங்கிட்டக் குடுத்து, 'அப்பா, நீ எறங்கு'ம்பா. மொதல்ல போட்டிருந்தான்னா, நான் வாரதுக்குள்ள நான் அவுட்டாயிருப்பனுங்களே."

அப்படிச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "இது நீங்க போட்டதுங்களா?"

ஆமாம் என்றேன். அவர் மெதுவாக விரலை இறக்கிக்கொண்டு ஏழாவது வரிக்கு வந்தார். செல்வி. "இவங்க?" என்றார். யாரும் இல்லை, நானாகப் போட்ட பேர் என்றேன். அதற்கப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். வந்த அன்றே அழித்தது, ஐந்து வாரம் கழித்து அவர் கேட்டபோது பொய் சொன்னது, அந்த ஏழாவது பேரை நான் கண்ணால் பார்த்தது, பார்த்துச் சிரித்தது, மறந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என்னை அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது. அவர் பேனாவுக்கு மூடியைப் போட்டு, டைரியோடு பையில் வைத்துக்கொண்டார்.

"சிரிப்பு வர்ற மாதிரி பேருங்களா அது?" என்று கேட்டார்.

"ஆமாண்ணா. அது மட்டும் நிச்சயம்."

"அப்பச் சரியாத்தான் பாத்திருக்கீங்க. அவளும் அந்த எடத்துலதானுங்க சிரிப்பா."

பிறகு ரிமோட்டைக் கேட்டு வாங்கினார். எந்தப் பொத்தான் எதற்கு என்று நான் சொல்லச் சொல்ல, பஸ் கியரை மாற்றுகிற கைகளால் ஒவ்வொன்றாக அழுத்தினார். ரேவதியை முதலுக்குக் கொண்டுபோனார். அப்பாவைக் கீழே கீழே இறக்கிப் பதினொன்றாவதில் நிறுத்தினார். ஏழாவதில் செல்வியை எழுத்து எழுத்தாக அழித்தார். பேர் இல்லாமல் அந்த ஆட்டம் மேலே நகராது, குறைந்தது ஒரு கோடாவது போட வேண்டும். ஒரு கோடு போட்டார். கெசரே வீட்டுக்குப் போன் பண்ணி ஏழாவது ஆள் யார் என்று மனைவியிடம் ஒருமுறை கேட்டார். அந்தப் பக்கம் அந்த அம்மாவுக்கும் தெரியவில்லை.

மெஷினைக் கார்டோடு பழைய அட்டைப்பெட்டியிலேயே வைத்துக் கட்டிக் கொடுத்தேன். வண்டி வரை தூக்கிக்கொண்டு போனேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். பெட்டியை முன்னால் வைத்து இரண்டு முழங்காலாலும் இடுக்கிக்கொண்டு, கிளப்புவதற்கு முன்னால் சொன்னார்:

"அந்தப் பையன் என்னைக்காச்சும் தேடிக்கிட்டு வந்தான்னா அவனே எழுதிக்கட்டுங்க. அதுவரைக்கும் பத்துப் பேரை வெச்சு ஆடிக்கறனுங்க."

கண்ணைக் கட்டிவிட்டாலும் அசலையும் நகலையும் பிரித்துச் சொல்லிவிடுவேன் என்று இத்தனை வருஷம் பீற்றிக்கொண்டிருந்த நான் செய்த ஒரே நகலைக் கண்டுபிடிக்க, பாலாறு பஸ் டிரைவருக்கு முதல் வரிக்கு மேல் தேவைப்படவில்லை.